கம்ப்யூட்டரில் நோயின் பெயரைச் சரியாகப் பதிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் இருப்பவர்களுக்கு வார்டிலிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். புதிதாக வந்த சி.ஆர்.ஆர்.ஐ. எனும் பயிற்சி டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், டேட்டா என்ட்ரி தம்பி என்று ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு மென்பொருளிலும் திரை வேறு மாதிரி இருக்கும். எந்தப் பட்டன் எங்கே என்பதை உங்கள் ஐ.டி. ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்பது மட்டும் இங்கே.

1. டயக்னோசிஸ் கட்டத்தில் பேஷன்ட் சொல்வதைப் போடணுமா, டாக்டர் சொல்வதையா?

டாக்டர் முடிவு செய்ததை. பேஷன்ட் சொல்வதற்கு முதன்மைத் தொந்தரவு என்று தனிக் கட்டம் இருக்கிறது. "ரெண்டு நாளா நெஞ்சைக் கரிக்குது" என்பது அங்கே அவர் சொன்னபடியே இருக்கட்டும். அதைத் தூக்கி டயக்னோசிஸ் கட்டத்தில் 'கேஸ்ட்ரைடிஸ்' என்று மொழிபெயர்த்துப் போடுவது நம் வேலை இல்லை. அதே கரிப்பு மாரடைப்பாகவும் இருக்கலாம்.

'மஞ்சள் காமாலை', 'வீசிங்' போன்றவற்றை வீட்டில் நோயின் பெயராகவே சொல்வார்கள். உண்மையில் அவை அறிகுறிகள். காமாலைக்குப் பின்னால் கல்லீரல் அழற்சியும் இருக்கலாம், பித்தக்கல்லும் இருக்கலாம். "போன வருஷம் மைல்டு அட்டாக் வந்துச்சுன்னாங்க" என்று சொன்னால் பழைய ஈ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 'நோயாளி கூறியது, ஆவணம் பார்க்கவில்லை' என்று சேர்த்து எழுதுங்கள். இந்த நாலு வார்த்தை இல்லாததால் வாழ்நாள் முழுக்க இதய நோயாளி ஆகிவிடுகிறவர்கள் உண்டு.

2. காய்ச்சல்னு அட்மிட் ஆகியிருக்கார், இன்னும் ஒண்ணும் தெரியல. வெறும் 'ஃபீவர்'னு போட்டால் சீஃப் திட்டுவாரே?

திட்டினாலும் முதல் நாளில் அதுதான் சரி. அந்த நேரத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எழுத வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்படிப்பட்ட நிலைக்காகவே, நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி-10-ல் ஆர் (R) வரிசைக் குறியீடுகள் இருக்கின்றன. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆர்50.9.

முதல் நாள் போட்டதைக் கடைசி நாள் வரை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு. நாலாம் நாள் ரவுண்ட்ஸில் அக்குளுக்குள் ஒரு கருப்புப் பொருக்கு கண்ணில் படுகிறது, ஸ்க்ரப் டைஃபஸ் பரிசோதனையும் பாசிட்டிவ் வருகிறது, டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் காய்ச்சல் இறங்குகிறது. கேஸ் ஷீட்டின் உள்ளே எல்லாம் அழகாக எழுதியிருக்கும், முகப்பில் மட்டும் இன்னும் 'ஃபீவர்'. இறுதி டயக்னோசிஸ் ஏ75.3, அதாவது ஸ்க்ரப் டைஃபஸ் என்று மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த ஊரில் ஸ்க்ரப் டைஃபஸ் இருக்கிறது என்பதே கணக்கில் வராது.

3. கேஸ் ஷீட்டில் "? டெங்கு" என்று எழுதுவோமே, கம்ப்யூட்டரில் அந்தக் கேள்விக்குறியை எங்கே போடுவது?

கேள்விக்குறியாகப் போடாதீர்கள். பல மென்பொருள்களில் தேடும்போதும் அறிக்கை எடுக்கும்போதும் அந்தக் குறி உதிர்ந்துவிடும், 'டெங்கு' மட்டும் நிற்கும். நோயின் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்', 'உறுதியானது', 'மறுக்கப்பட்டது' என்று நிலையைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் பின்பற்றும் எஃப்.எச்.ஐ.ஆர். எனும் மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரத்தில் இந்த நிலைகள் எல்லாம் தனித்தனியாகவே இருக்கின்றன. அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால் 'சந்தேகம்' என்று வார்த்தையில் எழுதுங்கள்.

டெங்குவில் இன்னொரு விஷயம். ரேபிட் கார்டில் கோடு விழுந்ததும் 'உறுதி' என்று தட்டிவிடுகிறார்கள். தேசிய வழிகாட்டுதலின்படி உறுதிக்கு எலைசா எனும் ஆய்வகப் பரிசோதனை வேண்டும், ஆரம்ப நாட்களில் என்.எஸ்.1, பிறகு ஐ.ஜி.எம். அதுவரை தற்காலிகம்தான். எலைசா நெகட்டிவ் வந்து டாக்டரும் டெங்கு இல்லை என்று முடிவு செய்தால் 'மறுக்கப்பட்டது' என மாற்றுங்கள்.

டிஸ்சார்ஜ் வரைக்கும் சந்தேகமாகவே இருந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 விதிப்படி, வேறு தகவலே இல்லாத நிலையில் உள்நோயாளிக்குச் சந்தேகிக்கப்பட்ட நோயின் குறியீட்டையே கொடுக்கலாம். பரிசோதித்து இல்லை என்று ஆகிவிட்டால் இஸட்03. யூடியூபில் அமெரிக்கக் கோடிங் வகுப்புகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். அங்கே புறநோயாளிக்கு ஒரு விதி, உள்நோயாளிக்கு வேறு விதி.

4. ஐ.சி.டி. ஒண்ணு, ஸ்னோமெட் ஒண்ணு. எதுக்கு ரெண்டு?

ஐ.சி.டி. எண்ணிக்கைக்கு, ஸ்னோமெட் சி.டி. எனும் மருத்துவச் சொல் தொகுப்பு விவரத்துக்கு. ஐ.சி.டி. பின்கோடு என்றால் ஸ்னோமெட் கதவு எண்ணோடு கூடிய முழு முகவரி. ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நிமோனியா என்று கணக்கெடுக்க முதலாவது போதும். எந்தப் பக்க நுரையீரல், எந்தக் கிருமி என்பதெல்லாம் இரண்டாவதில் அடங்கும்.

இந்தியா 2014-இல் ஸ்னோமெட் உறுப்பு நாடானது, அதனால் இங்கே அதைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் இல்லை. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட மின்னணு சுகாதாரப் பதிவுத் தரங்களிலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஐ.சி.டி-11 உலக அளவில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், மருத்துவமனைகளில் நாம் கையாள்வது இன்னும் பெரும்பாலும் 10-ஐத்தான்.

5. 'டயாபடிஸ்'னு அடித்தால் இருபது வரி வருது. முதல் வரியைத் தட்டினால் என்ன குறைஞ்சிடும்?

முதல் வரி எது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது, பேஷன்டைப் பார்த்து அல்ல. கர்ப்பகாலச் சர்க்கரை என்று பதிவான ஆண் நோயாளிகளைப் பார்க்காத எம்.ஆர்.டி. இருக்காது.

கேலிக்குரிய தவறுகள் எப்படியும் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். மற்றதுதான் ஆபத்து. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், சிறுநீரில் ஆல்புமின் போகிறது, கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சர்க்கரையால் வந்த சிறுநீரகப் பாதிப்பு என்று டாக்டரும் எழுதியிருக்கிறார். அதற்கு இ11.2. பழக்க தோஷத்தில் 'சிக்கல் இல்லாத' இ11.9-ஐத் தட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மூட்டுவலி என்று அவர் வேறு ஓ.பி.க்குப் போகிறார். பட்டியலில் சிறுநீரகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாத வலிமருந்தான டைக்ளோஃபெனாக் ஊசி போடப்படுகிறது.

பக்கத்தையும் மறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10-ல் தொடை எலும்புக் கழுத்து முறிவுக்கு எஸ்72.0, வலதானாலும் இடதானாலும் ஒன்றுதான். அதனால் 'வலது' என்பதை நாம்தான் வார்த்தையில் எழுத வேண்டும். குறியீடு போட்டாச்சே என்று எழுத்துக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

6. சுருக்கமா எழுதினா என்ன சார், எல்லாருக்கும் தெரியுமே?

உங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரியும். 'எம்.எஸ்.' என்றால் இதயப் பிரிவில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், நரம்பியலில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்.

நம் ஊருக்கே உரிய உதாரணம் ஒன்று. ஒடுவன் எனும் விஷச்செடியின் தழையை அரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சிறுநீரக நுண்குழாய்கள் பாதிக்கப்பட்டு ரத்தத்தில் அமிலம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அந்த நிலைக்கு ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்று பெயர், சுருக்கினால் ஆர்.டி.ஏ. அதைப் பார்க்கும் ஆபரேட்டருக்கு ஆர்.டி.ஏ. என்றால் ரோடு டிராஃபிக் ஆக்சிடென்ட். விஷம் குடித்தவர் சாலை விபத்துக் கணக்கில் சேர்ந்துவிடுவார், பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் காணாமல் போகும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் டயக்னோசிஸ் பட்டியலிலும் முழுப்பெயர் மட்டும். தினசரிக் குறிப்பில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

7. ஒரே ஆளுக்கு அஞ்சு நோய். எதை முதலில் போடுவது?

இந்த முறை சிகிச்சை எதற்காக முக்கியமாகத் தேவைப்பட்டதோ அதை. சர்க்கரை, பிரஷர், பழைய மாரடைப்பு எல்லாம் உள்ளவர் காலில் செல்லுலைடிஸ் (தோலடித் தொற்று) என்று சேர்ந்தால் முதன்மை நோய் செல்லுலைடிஸ். மற்றவை கூடவே இருக்கும் நோய்கள். அதிக நாள் இருப்பது எது, பயமுறுத்துவது எது என்று பார்த்து வரிசைப்படுத்துவது கிடையாது.

ஒன்றுக்கு மேற்பட்டவை சம தகுதியில் இருந்தால், எதற்கு அதிகச் சிகிச்சையும் வளமும் செலவானதோ அது முதலில். தகராறு வருவது, உள்ளே இருக்கும்போதே நிமோனியா பிடித்து ஐ.சி.யு.வுக்குப் போகிற கேஸ்களில். முதலிடம் எதற்கு என்பதை யூனிட் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எது முதலில் வந்தாலும், நிமோனியா அட்மிஷனுக்குப் பிறகு வந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மருத்துவமனைக்கு அது பெருமை இல்லைதான், ஆனாலும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு தேடுவதே அந்த வரியைத்தான்.

8. மாத்திரையில் பிரஷர் நார்மலா இருக்கு. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாமா?

எடுக்கக் கூடாது. மாத்திரையால் அடங்கியிருக்கிறதே தவிர நோய் போகவில்லை. ஐ10 நடப்பு நோயாகவே இருக்கட்டும்.

முடிந்துபோனவை வேறு. சிகிச்சை முழுதாக முடிந்து நோயின் தடயமே இல்லாத மார்பகப் புற்றுநோய் சி50 இல்லை, 'முன்பு இருந்தது' எனும் இஸட்85.3. மாரடைப்புக்கு நாலு வாரக் கெடு: அதுவரை ஐ21, பிறகு தொந்தரவு இல்லையென்றால் பழைய மாரடைப்பு, ஐ25.2. காசநோய் குணமாகிவிட்டால் நடப்பு நோய்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் நுரையீரலில் தழும்பு விட்டுப்போய் மூச்சிரைப்பு இருந்தால், பின்விளைவு என்று பி90-இல் பதிய வேண்டும். குணமானவரை 'காசநோய்' என்று பட்டியலில் வைத்திருந்தால், அவர் பல் பிடுங்கப் போனால்கூட ஓரமாக உட்காரவைப்பார்கள்.

9. போன தடவை எழுதினதை காப்பி பண்ணி ஒட்டினா நேரம் மிச்சம்தானே?

மிச்சம்தான், ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு ஒட்டினால். படிக்காமல் ஒட்டுவதால்தான் மூன்றாம் கேள்வியில் சொன்ன 'தற்காலிக டெங்கு' மூன்று வருடம் கழித்தும் 'டெங்கு, அஞ்சாம் நாள்' என்று வந்து நிற்கிறது. நாள்பட்ட நோய்களைப் பழைய பட்டியலிலிருந்து கொண்டுவரலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம் போன்றவற்றைக் கொண்டுவரக் கூடாது, முடிந்த தேதி போட்டு மூடிவிட வேண்டும்.

10. வேறொருத்தர் ஃபைலில் பதிஞ்சுட்டேன். டெலீட் பண்ணிடவா?

பண்ணாதீர்கள், பல மென்பொருள்கள் விடவும் விடாது. 'தவறாகப் பதியப்பட்டது' என்று குறித்து, யார், எப்போது, ஏன் என்பதை எழுதுங்கள். பதிவு பின்னணியில் இருக்கும், நடப்புப் பட்டியலில் தெரியாது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் காணாமல் போன வரியைவிட காரணத்தோடு திருத்திய வரி எவ்வளவோ மேல்.

இது 'மறுக்கப்பட்டது' இல்லை. டாக்டர் சந்தேகப்பட்டுப் பிறகு இல்லை என்று ஆனால் மறுக்கப்பட்டது. அந்த ஆளைப் பற்றியதே அல்ல என்றால் தவறான பதிவு. கூடவே ஒரு வேலை: தவறிய நோயாளியின் மருந்துச்சீட்டும் லேப் கோரிக்கையும் மாறிப்போயிருக்கிறதா என்று உடனே பாருங்கள். நோயின் பெயர் மட்டும் தனியாகத் தவறுவது அபூர்வம்.

11. காப்பீட்டில் பணம் வர்ற மாதிரி நோயை மாத்தி எழுதச் சொல்றாங்க. என்ன செய்ய?

முடியாது என்று சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீடானாலும் தனியார் பாலிசியானாலும், சிகிச்சைத் தொகுப்பின் பெயர் வேறு, நோயின் பெயர் வேறு. தொகுப்பு கிடைக்கவில்லை என்பதற்காக நோயை வளைத்தால் அது மோசடி, கையெழுத்து டாக்டருடையது. நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பல முறை கோரிக்கை திரும்புவது விவரம் போதாததால்தான். ஐந்தாம் கேள்வியில் சொன்ன மாதிரி பக்கம், வகை, சிக்கல் எல்லாவற்றையும் உள்ளபடி முழுதாக எழுதி மறுபடி அனுப்பிப் பாருங்கள்.

12. "மருந்து குடிச்சான்னு போடாதீங்க, வாந்தி பேதின்னு போடுங்க" என்று வீட்டார் கெஞ்சுகிறார்கள்...

வார்டில் இதைவிடச் சங்கடமான கேள்வி இல்லை. கல்யாணம் ஆகாத பெண், போலீஸ், ஊர்ப்பேச்சு என்று அவர்களுக்கு ஆயிரம் பயம். ஆனால் என்ன விஷம் என்பதுதான் சிகிச்சையே. பூச்சிமருந்து என்றால் எந்த வகை என்று எழுதுங்கள், ஆர்கனோபாஸ்பேட்டுக்கு டி60.0 (T60.0). கோவை, ஈரோடு பக்கம் வரும் சாணிப்பவுடர் கேஸ்களில் மஞ்சளா பச்சையா என்பதையும் எழுதுங்கள். மஞ்சள் ஆரமின், பச்சை மாலகைட் கிரீன், இரண்டும் வெவ்வேறு சாயம். பட்டியலில் பொருத்தமான பெயர் கிடைக்காது, எழுத்துக் கட்டத்தில்தான் போட வேண்டும்.

தானாகக் குடித்தாரா, தவறுதலாகவா என்பதை நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. 'தண்ணீர் என்று நினைத்துக் குடித்ததாகத் தாயார் கூறினார்' என்று, சொன்னவரையும் சேர்த்துப் பதியுங்கள். போலீசுக்குத் தகவல் போவது தனி நடைமுறை. குடும்பத்தாரிடம் ஒன்றைச் சொல்லலாம்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. பயந்துகொண்டு கேட்பவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

13. எச்.ஐ.வி. இருக்கு. பதியணுமா, மறைக்கணுமா?

பதிய வேண்டும், பார்க்கும் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், 2017, இந்தத் தகவலைப் பாதுகாப்பாக வைப்பதை நிறுவனத்தின் கடமை ஆக்கியிருக்கிறது. பதியாமல் விட்டால் மருந்துக்கு மருந்து ஒத்துப்போகாத சிக்கல் வரும். கட்டில் தலைமாட்டில் ஒட்டும் சீட்டிலும், பில்லிலும், ஸ்கேன் ரூம் வாசலில் எல்லாரும் பார்க்கும் திரையிலும் அது அச்சாகிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

14. இறந்தவருக்கு 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'னு போட்டால் ஏன் திருப்பி அனுப்புறீங்க?

இறந்த எல்லாருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் இருக்கும். அதனால் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவமனை மரணத்துக்கான படிவம் 4 ஒரு சங்கிலியைக் கேட்கிறது. மேல் வரியில் உடனடிக் காரணம், கீழே போகப்போக அதற்குக் காரணம். (அ) செப்டிக் ஷாக், (ஆ) குடலில் துளை விழுந்து வந்த பெரிடோனைடிஸ், (இ) டைஃபாய்டு. இதில் அடிவரியில் உள்ள டைஃபாய்டுதான் அடிப்படைக் காரணம், அதைத்தான் புள்ளிவிவரத்துக்கு எடுப்பார்கள். சங்கிலியில் சேராத சர்க்கரை நோய் இரண்டாம் பகுதியில். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எத்தனை நாளாக என்ற கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடுவது வழக்கமாகிவிட்டது.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கும் இலவசமாகப் போகிறது. அவர்கள் படிப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்து எழுதுங்கள்.

15. பேஷன்ட் வந்து "எனக்கு இந்த நோயே இல்லை, மாத்துங்க" என்கிறார்.

முதலில் நகலைக் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிறகு அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிச் சம்பந்தப்பட்ட டாக்டருக்கு அனுப்புங்கள். பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும், ஒன்பதாம் கேள்வி விவகாரம். டாக்டர் ஒத்துக்கொண்டால் பத்தாம் கேள்வியில் சொன்னபடி திருத்தம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நோய் அப்படியே நிற்கும், 'நோயாளி ஆட்சேபித்தார்' என்ற குறிப்பு தேதியோடு சேரும். ஆபா எனும் சுகாதார அடையாள எண் மூலம் பதிவுகளை இணைத்திருந்தால், இங்கே திருத்துவதோடு பகிரப்பட்ட ஆவணத்தையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

16. ஹீமோகுளோபின் 6 என்று லேபில் இருக்கு, டாக்டர் ரத்தசோகைன்னு எழுதல. குறியீடு போடும் கோடர் நாமே சேர்த்துக்கலாமா?

கூடாது. லேப் எண் நோய் ஆகாது, டாக்டர் சொன்னால்தான் நோய். ரத்தம் ஏற்றியிருந்தாலும், இரும்பு ஊசி போயிருந்தாலும் சரி, நாம் ஊகிக்கக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்புங்கள், அதுவும் பதிலைத் திணிக்காமல். "ரத்தசோகை என்று சேர்க்கவா?" என்று கேட்டால் ரவுண்ட்ஸ் அவசரத்தில் "ம்" என்றுதான் வரும். "10-ஆம் தேதி ஹீமோகுளோபின் 6, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டுள்ளது. இதற்கான நோய் நிலை எது?" என்று கேளுங்கள்.

'இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை' என்று டாக்டர் தன் லாகினில் சேர்த்தால் டி50.9 (D50.9). மூலத்திலிருந்து ரத்தம் போய்ப்போய் வந்தது என்று எழுதினால் டி50.0 (D50.0), மூலநோயும் பட்டியலில் சேரும். பதில் வராவிட்டால் குறியீடு இல்லாமலே இருக்கட்டும், மறுநாள் யூனிட் அசிஸ்டென்டைப் பிடித்துக் கேளுங்கள்.